இணையத்திலே சட்டம், இருட்டிலே கிராமம்

சுற்றுச்சூழல் சட்டம் இனி ஒவ்வொரு பிரஜையின் உள்ளங்கையிலும் இருக்கிறது என்று சொல்லப்படுகிறது. மலையைக் குடைவதானாலும், காட்டை வெட்டுவதானாலும், ஆலை கட்டுவதானாலும் அதற்கான மனு, வரைபடம், அனுமதி உத்தரவு எல்லாம் இணையத்தில் ஏற்றப்படுகின்றனவாம். கைப்பேசி வைத்திருக்கும் எவரும் பார்த்துக்கொள்ளலாமாம். பிறகு ஒளிவு மறைவுக்கு இடம் ஏது என்று டில்லியில் இருப்பவர்கள் கேட்கிறார்கள்.

கேட்கத் தித்திப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் நாற்று நடும் பெண்ணுக்கும், விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்திற்குப் போகும் கூலித் தொழிலாளிக்கும், ஆண்டிபட்டி வட்டாரத்தில் இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் மில் தொழிலாளிக்கும் இந்த ஏற்பாடு எந்த அளவுக்குக் கைகொடுத்திருக்கிறது? இதைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டியது அவசியம்.

எத்தனை பேர் இணையதளத்தைத் திறந்தார்கள், எத்தனை மனுக்கள் ஏறின என்று சர்க்கார் கணக்குக் காட்டுகிறது. கிணறு வெட்டியாகிவிட்டது என்று கணக்கெழுதுவது காண்டிராக்டரின் வேலை. தண்ணீர் வந்ததா என்று கேட்பது விவசாயியின் உரிமை. நாம் விவசாயியின் கேள்வியையே கேட்கிறோம்.

புதிய கருவிகள்

2018 ஆகஸ்ட் 10-ந் தேதி பிரதம மந்திரி மோடி 'பரிவேஷ்' என்ற இணையதளத்தைத் தொடங்கி வைத்தார். சுற்றுச்சூழல் அனுமதி, வன அனுமதி, வனவிலங்கு அனுமதி, கடலோர அனுமதி ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் கேட்டு ஒரே இடத்தில் பெறலாம் என்பது ஏற்பாடு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இப்போது இணையம் வழியாகவே வழக்குத் தாக்கல் செய்யலாம். வீடியோ மூலம் விசாரணையும் நடக்கிறது. தகவல் உரிமை மனுவைத் தபாலாபீசுக்குப் போகாமலே அனுப்பலாம். இவை போதாதென்று, கேள்வியைத் தட்டினால் பதிலை எழுதித் தரும் செயற்கை அறிவு இயந்திரங்களும் கைப்பேசிக்குள் வந்துவிட்டன.

இவற்றை நாம் தூற்றவில்லை. முன்பெல்லாம் ஒரு திட்டத்தின் பைல் எந்த இலாகாவில், எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒருவன் தலைநகருக்கு நடையாய் நடக்க வேண்டும். இன்று படித்த பிள்ளை ஒருவன் போடியில் உட்கார்ந்தபடி அதில் ஒரு பகுதியையாவது பார்த்துவிட முடிகிறது. இது லாபமே. வர்க்க உணர்வு பெற்ற தொழிலாளி இயந்திரத்தின் மீது கோபங்கொள்வதில்லை. அது யார் கையில் இருக்கிறது, யாருக்காக ஓடுகிறது என்றுதான் கேட்கிறான். மில்லில் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்போம்.

பொட்டிப்புரம் கற்பித்த பாடம்

உதாரணத்திற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமது தேனி ஜில்லாவில், போடி மேற்கு மலையடிவாரத்தில் பொட்டிப்புரம் இருக்கிறது. அங்கே அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைப்பது மத்திய சர்க்காரின் திட்டம். மலைக்குள்ளே சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளத்திற்குச் சுரங்கப்பாதை. அதன் முடிவில் பெரிய குகை. அதற்குள் 50 ஆயிரம் டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்புக் கருவி. அணுசக்தி இலாகாவின் கீழ் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் இதை முன்னின்று நடத்தியது. முதலில் நீலகிரியில் சிங்காராவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அது முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியது என்பதால் 2009-இல் மத்திய சர்க்காரே மறுத்துவிட்டது. பிறகுதான் நமது மலை அவர்கள் கண்ணில் பட்டது.

2011 ஜூன் 1-ந் தேதி சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. சுமார் 66 ஏக்கர் புறம்போக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. 2015 ஜனவரி 5-ந் தேதி சுமார் 1,500 கோடி ரூபாய் செலவுக்கு மத்திய மந்திரிசபை ஒப்புதல் தந்தது. ஆடு மாடு மேய்த்த இடத்தில் வேலி வந்த பிறகே, என்ன நடக்கப்போகிறது என்று சுற்றுவட்டார ஜனங்கள் பலமாகக் கேட்க ஆரம்பித்தார்கள். கிராமங்களில் கூட்டங்கள் நடந்தன. வைகோ மதுரை ஹைகோர்ட் கிளைக்குப் போனார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலை தொடங்கக்கூடாது என்று 2015 மார்ச்சில் தடை கிடைத்தது.

'பூவுலகின் நண்பர்கள்' அமைப்பினர் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகினார்கள். அங்கே சர்க்காரின் காகிதங்களையே எடுத்து வரி வரியாகப் படித்துக் காட்டினார்கள். மலையைக் குடைந்து குகை அமைக்கும் இந்தத் திட்டம், சட்டத்தில் 'கட்டிட வேலை' என்ற இனத்தில் வைத்து அனுமதிக்கப்பட்டிருந்தது! கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஆகவே கடுமையான பரிசீலனைக்கு உரிய 'ஏ' பிரிவில் இது வர வேண்டும் என்று வாதிட்டார்கள். 2017 மார்ச் 20-ந் தேதி தென்மண்டலத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை நிறுத்திவைத்தது.

இனம் மாறினால் என்ன, எல்லாம் காகித வித்தியாசம்தானே என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. 2006 செப்டம்பர் 14-ந் தேதி வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 'கட்டிட வேலை' என்ற இனத்தில் சேர்ந்துவிட்டால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. ஒரு எழுத்து, ஒரு எண் மாறினால் ஒரு கிராமத்தின் வாய் அடைபட்டுவிடும். அந்த எழுத்தும் எண்ணும் இங்கிலீஷில் எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குள் கிடக்கின்றன. காகிதம் பார்வைக்குக் கிடைப்பது ஒன்று. அதைப் படித்து அர்த்தம் செய்துகொள்வது வேறொன்று என்பதைப் பொட்டிப்புரம் நமக்குக் கற்பித்தது.

அடுத்து நடந்ததையும் பாருங்கள். மறுபடி மனுச் செய்தார்கள். மாநில மதிப்பீட்டுக் குழு இதைப் பரிசீலிக்கத் தனக்கு இயலாது என்று கைவிரித்தது. உடனே டில்லி அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 'விசேஷ இனம்' என்று பெயர் சூட்டி, 2018 மார்ச்சில் அனுமதியும் கொடுத்துவிட்டது. எந்தப் பிரிவில்? மறுபடியும் 'கட்டிட வேலை' என்ற அதே பிரிவில்தான்! அதே ஆண்டு நவம்பர் 2-ந் தேதி பசுமைத் தீர்ப்பாயம் இதை ரத்துச் செய்ய மறுத்தது. ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் அனுமதி பெறாமல் வேலை தொடங்கக்கூடாது என்றது. விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

2021 மே மாதம் அந்த வனவிலங்கு அனுமதிக்கான மனு பரிவேஷ் தளத்தில் ஏற்றப்பட்டது. அது எப்படிப்பட்ட மாதம்? கொரோனாவின் இரண்டாவது அலையில் தமிழ்நாடே ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தது. ஊரடங்கில் ஜனங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். கூட்டம் போட முடியாது, கலெக்டர் ஆபீசுக்குப் போக முடியாது. ஆனால் இணையத்தில் மனு ஏறுவதற்குத் தடை ஏதும் இல்லை! பிறகு, மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறுக்கும் இடையே புலிகள் நடமாடும் வழி இது என்று எடுத்துக்காட்டி, இத்திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. ஆண்டுக்கணக்கில் கிராமங்களில் நடந்த இயக்கத்தின் குரல் அந்தப் பத்திரத்திற்குப் பின்னால் இருந்தது.

அறிவியல் ஆராய்ச்சிக்கு நாம் விரோதிகள் அல்ல. உழைப்பாளி வர்க்கம் விஞ்ஞானத்தை வேண்டுகிறது. ஆனால் விஞ்ஞானத்தின் பேரால் ஒரு மலையைத் தொடும்போது, அதன் அடியில் வாழும் ஜனங்களிடம் அவர்கள் பாஷையில், அவர்கள் ஊரில் வந்து சொல்லி, பதிலைக் கேட்டுப் பெற வேண்டும். அதைச் செய்யத் துணியாத சர்க்கார், ஜனங்களை விஞ்ஞானத்தின் விரோதிகள் என்று ஏசுவது அயோக்கியத்தனம்.

மூன்று சோதனைகள்

இந்தக் கருவிகளை மூன்று சோதனைகளுக்கு உட்படுத்துவோம்.

முதலாவது, மொழி. தமிழ்நாட்டில் 1956 முதல் தமிழ் ஆட்சிமொழி. தகவல் உரிமைச் சட்டத்தின்படி தமிழிலேயே மனு எழுதலாம். ஆனால் பசுமைத் தீர்ப்பாயத்தின் விதிகளோ நடவடிக்கைகள் இங்கிலீஷில் நடக்க வேண்டும் என்கின்றன. வேறு மொழிக் காகிதம் கொடுத்தால் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். தமிழில் கேள்வி கேட்கலாம், தமிழில் நியாயம் கேட்க முடியாது! 2020-இல் இதை இன்னும் அப்பட்டமாகக் கண்டோம். அனுமதி விதிகளையே மாற்றும் புதிய நகல் அறிவிக்கையை மார்ச் 23-ந் தேதியிட்டு, நாடு ஊரடங்கில் இருந்த ஏப்ரல் 11-ந் தேதி கெஜட்டில் வெளியிட்டார்கள். ஆட்சேபணை இருந்தால் அனுப்புங்கள் என்றார்கள். எந்த மொழியில் வெளியிட்டார்கள்? இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மற்ற மொழிகளிலும் மொழிபெயர்க்க வேண்டும் என்று ஜூன் 30-ந் தேதி டில்லி ஹைகோர்ட் உத்தரவிட்டது. மொழிபெயர்த்துக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்? ஆனால் அந்த உத்தரவை எதிர்த்து மத்திய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடியது! அந்த நகலை எதிர்த்து மின்னஞ்சல் இயக்கம் நடத்திய வாலிபர்களின் இணையதளங்கள் ஜூலையில் முடக்கப்பட்டன. அவற்றில் ஒன்றுக்குப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பேரில் நோட்டீசே அனுப்பி, கண்டனம் எழுந்த பின் தவறாகப் போய்விட்டது என்று டில்லிப் போலீசார் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். இணையக் கருவி ஜனங்கள் கையில் பலிக்க ஆரம்பித்தவுடன் சர்க்காருக்கு ஏற்பட்ட நடுக்கத்தை இது காட்டவில்லையா?

இரண்டாவது, காலம். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டம் தரும் கெடு 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தீர்ப்பாயம் மன்னிக்கலாம். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. சரி, காகிதம் வேண்டுமென்று தகவல் உரிமை மனுப் போட்டால், பதில் சொல்ல அதிகாரிக்கு உள்ள கெடுவும் 30 நாள்! காகிதம் கைக்கு வந்து சேரும் அன்றைக்கு மேல்முறையீட்டுக் கெடு முடிந்திருக்கும். வாரம் ஆறு நாள் வேலைக்குப் போகும் தொழிலாளி, யாரும் சொல்லாமல், இங்கிலீஷ் தளத்தைத் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

மூன்றாவது, யாருக்குச் செய்தி போகிறது? பரிவேஷ் தளத்தின் பெருமைகளில் ஒன்று, ஒவ்வொரு கட்டத்திலும் தாமதம் நேராமல் இருக்க அதிகாரிகளுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் எஸ்.எம்.எஸ். போகிறது என்பது. கம்பெனியின் மனு தாமதிக்கக்கூடாது என்பதில் எவ்வளவு கரிசனம்! எந்த ஊரின் தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் ஆபத்து வருகிறதோ, அந்த ஊர்க்காரனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும் என்ற கரிசனம் ஏன் இல்லை?

நோக்கம் எது என்பதில் சந்தேகமிருந்தால், 2022 ஜனவரி 17-ந் தேதி மத்திய சுற்றுச்சூழல் இலாகா போட்ட உத்தரவைப் பாருங்கள். மாநில மதிப்பீட்டு ஆணையங்களுக்கு ஓட்டல்களுக்குப் போல நட்சத்திரம் கொடுப்பதாக அதில் அறிவித்தார்கள். 80 நாளைக்குள் அனுமதி கொடுத்தால் இரண்டு மார்க். நேரில் போய் இடத்தைப் பார்த்தால் மார்க் கிடைக்குமா? பத்தில் ஒன்றுக்கும் குறைவான இனங்களில் மட்டும் நேரில் போனால்தான் முழு மார்க்; ஐந்தில் ஒன்றுக்கு மேல் போய்ப் பார்த்தால் மார்க் கிடையாது! மலையையும் ஆற்றையும் கண்ணால் பாராமல் கையெழுத்துப் போடுகிறவன் கெட்டிக்காரன் என்று சர்க்காரே தீர்மானித்துவிட்ட பிறகு, அந்தக் கையெழுத்து காகிதத்தில் விழுந்தால் என்ன, கணினியில் விழுந்தால் என்ன?

பதில் எழுதும் இயந்திரம்

இப்போது நம் பிள்ளைகள் பலரும் சட்ட சந்தேகங்களைச் செயற்கை அறிவு இயந்திரத்திடம் கேட்கிறார்கள். தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வருகிறது. இங்கிலீஷ் காகிதத்தைக் கொடுத்தால் சுருக்கம் சொல்லிவிடுகிறது. மொழிச் சுவரில் இது ஒரு ஓட்டை போடுகிறது என்பதை நாம் வரவேற்க வேண்டும்.

ஆனால் எச்சரிக்கை தேவை. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் இப்படிப்பட்ட இயந்திரத்தை நம்பி, நடக்காத வழக்குகளை நடந்ததாகக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்து, 5,000 டாலர் அபராதத்திற்கு ஆளானார்கள். பிறவியிலேயே இங்கிலீஷ் பேசும் வக்கீலுக்கே அந்தக் கதி. இயந்திரம் தெரியாது என்று சொல்ல வெட்கப்படும் மனிதனைப் போன்றது; தெரியாத இடத்திலும் நிச்சயமாகப் பேசும். சட்டப் பிரிவின் எண்ணும் கெடு நாளும் பிசகினால் ஒரு கிராமத்தின் வழக்கே வீணாகும். ஆகவே அது சொல்வதை மூலச் சட்டத்தோடு ஒப்பிடாமல், விவரமறிந்த வக்கீலிடம் காட்டாமல் எந்த மனுவும் அனுப்பக்கூடாது.

வெற்றி எங்கே கிடைத்தது?

நமது அண்டை ஜில்லாவான மதுரையில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மேலூர் தாலுகாவில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம் இணையம் வழியாகவே ஏலம் விடப்பட்டது. வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்கு அது போயிற்று என்று 2024 நவம்பர் 7-ந் தேதி அறிவித்தார்கள். 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி அந்த எல்லைக்குள் இருந்தது! செய்தி கைப்பேசிகளில் பரவியது உண்மை. ஆனால் ஜனங்கள் கைப்பேசியோடு நின்றுவிடவில்லை. ஊர் ஊராகக் கூடினார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ந் தேதி மேலூர்ப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23-ந் தேதி மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்துச் செய்தது.

ஒரிசாவில் நியமகிரி மலை ஆதிவாசிகளின் கதையும் இதுவே. 2013-இல் சுப்ரீம் கோர்ட் கிராம சபைகளிடம் கேட்கச் சொன்னது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேதாந்தா சுரங்கம் வேண்டாமென்றன. அந்த மலைக் கிராமங்களில் கணினி இருந்ததா, இணையம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. ஜனங்கள் ஒன்றுகூடிப் பேசினார்கள், அவ்வளவுதான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு உரிமைக்காகக் கம்பம், கூடலூர், போடி ஜனங்கள் பல்லாயிரக்கணக்கில் எல்லையை நோக்கி நடந்ததும் அதே பலத்தில்தான்.

இணையம் செய்தி கொண்டுவரும். செய்தியைச் சக்தியாக்குவது ஸ்தாபனம். இதுதான் நாம் கண்ட முடிவு.

சட்டத்திலேயே இருக்கும் ஆயுதங்கள்

இணையத்தைக் காட்டிவிட்டு அதிகாரிகள் மறைக்கப் பார்க்கும் சில கடமைகள் 2006 அறிவிக்கையிலேயே இருக்கின்றன. இவற்றை ஒவ்வொரு தோழரும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஒன்று: சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவன் அதன் பிரதியைப் பஞ்சாயத்துக்குக் கொடுக்க வேண்டும்; பஞ்சாயத்து அதை 30 நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும்.

இரண்டு: கருத்துக் கேட்புக் கூட்டத்திற்கு 30 நாள் முன்பாகத் தமிழ்ப் பத்திரிகையிலும் விளம்பரம் வர வேண்டும். பத்திரிகை எட்டாத இடத்தில் பறையறைந்தோ ரேடியோ மூலமோ தெரிவிக்க வேண்டும். தண்டோரா போடும் வழக்கத்தை 2022-இல் தமிழ்நாடு சர்க்கார் நிறுத்தியது சரியே. அது ஒரு ஜாதியின் தோளில் ஏற்றப்பட்ட இழிவு. அதற்குப் பதிலாக வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒலிபெருக்கி சுற்றுச்சூழல் விஷயத்திற்கும் ஒலிக்க வேண்டும் என்கிறோம்.

மூன்று: கூட்டம் முடியும்போது, நடந்தவற்றின் சுருக்கத்தை ஜனங்களின் மொழியில் அங்கேயே படித்து விளக்க வேண்டும். விளக்காமல் எழுந்துபோகும் அதிகாரியை உட்காரச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. நாம் போகாவிட்டால், கம்பெனி வேனில் வந்திறங்கும் பத்துப் பேரை வைத்தே அதை நடத்தி முடித்துவிடலாம்.

நான்கு: அனுமதி பெற்ற கம்பெனி, நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்று ஆறு மாதத்திற்கு ஒருமுறை, ஜூன் 1-லும் டிசம்பர் 1-லும் அறிக்கை தர வேண்டும். அது பொது ஜனங்கள் பார்க்கக்கூடிய காகிதம். தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. நஷ்ட ஈடு கேட்காத பசுமைத் தீர்ப்பாய மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்; அதிலும் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு.

மில் தொழிலாளர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆலை ஓட வேண்டுமானால் 1974-ம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981-ம் ஆண்டு காற்றுச் சட்டம் ஆகியவற்றின் கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். அதில் நிபந்தனைகள் உண்டு. அவற்றைப் படித்துப் பார்த்த சங்கம், நடப்பதையும் எழுதியிருப்பதையும் ஒப்பிட முடியும். பஞ்சுத் தூசியை முதலில் சுவாசிப்பவன் தொழிலாளி. சாக்கடையில் என்ன கலக்கிறது என்று அறிந்தவனும் அவனே. அவன் கண்ணால் கண்ட சாட்சியும் இணையத்தில் உள்ள காகிதமும் சேர்ந்தால் எந்த முதலாளியும் திணறித்தான் ஆக வேண்டும்.

செய்ய வேண்டியது

கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள் தங்களில் ஒருவரைப் பத்திரிகை வாசிக்க அமர்த்தி, அவர் பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தார்கள். நம் ஊர் டீக்கடை பெஞ்சிலும் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். எழுத்தறியாதவர்கள் அரசியல் அறிந்தது அப்படித்தான். அதே முறையை இன்றைக்கும் எடுத்தாள்வோம். ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும், ஒவ்வொரு மில் சங்கமும் இரண்டு வாலிபர்களை, அவர்களில் ஒருவர் பெண்ணாக, 'இணைய வாசகர்'களாக நியமிக்கட்டும். அவர்கள் வாரம் ஒருமுறை நமது ஜில்லா சம்பந்தப்பட்ட மனுக்களைப் பார்த்து, நோட்டில் தேதியோடு குறித்து, சங்கக் கூட்டத்தில் தமிழில் உரக்கப் படிக்கட்டும். கெடு நாளைச் சங்க ஆபீஸ் சுவரில் எழுதி வைக்கட்டும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும்போது அந்த நோட்டு அங்கே திறக்கப்படட்டும். தீர்மானம் எழுத்தில் ஏறட்டும்.

சர்க்காரிடம் நாம் கோருவது இவை:

1. தமிழ்நாட்டைத் தொடும் ஒவ்வொரு மனுவும், மதிப்பீட்டு அறிக்கையும், அனுமதி உத்தரவும் முழுமையாகத் தமிழில் வெளியிடப்பட வேண்டும்.

2. மேல்முறையீட்டுக் கெடுவை, பஞ்சாயத்துப் பலகையில் தமிழ்ப் பிரதி ஒட்டப்பட்ட நாளிலிருந்தே கணக்கிட வேண்டும்.

3. அதிகாரிக்கு எஸ்.எம்.எஸ். போகும் அதே நிமிஷம் சம்பந்தப்பட்ட கிராமத்து ஜனங்களுக்கும் தமிழில் போக வேண்டும்.

4. பசுமைத் தீர்ப்பாயத்தில் தமிழ் மனுவை ஏற்க வேண்டும். மொழிபெயர்ப்பு சர்க்கார் பொறுப்பு. சுமார் 500 கிலோமீட்டர் தள்ளியுள்ள சென்னைக்குப் போக முடியாதவர்கள் வீடியோ மூலம் பேச, கலெக்டர் ஆபீசில் ஏற்பாடு வேண்டும்.

5. மலையையும் வனத்தையும் தொடும் எந்தத் திட்டத்தையும் 'கட்டிட வேலை' என்று பெயர் மாற்றி, மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து தப்பவிடக்கூடாது.

இவற்றில் ஒன்றுகூடத் தானாகக் கனிந்து விழாது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்திற்குத் தண்ணீர் தருவது மலை. அந்த நிலத்திலும் மலைத் தோட்டத்திலும் மில்லிலும் உழைத்து வாழ்கிறவர்கள் நாம். அந்த மலையைப் பற்றிய காகிதம் நமக்குப் புரியாத பாஷையில், நமக்குத் தெரியாத நாளில், நாம் பாராத இடத்தில் கையெழுத்தாவதை இனியும் அனுமதிக்க முடியாது. ஊர்தோறும் வாசகர்களை அமர்த்துங்கள்! கிராம சபைகளில் திரளுங்கள்! இணையத்தில் கிடக்கும் சட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவாருங்கள்!